டாக்டர் எங்கே படித்தார் என்று பாம்பு கேட்பதில்லை

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துத் திரும்புகிறவர்களுக்கு அரசுப் பணத்தில் பயிற்சி கொடுத்து, டாக்டர் தங்காத ஊர்களுக்கு அனுப்பலாம் என்ற யோசனையை எதிர்த்து நண்பர் ஒருவர் எழுதியதைப் படித்தேன். அவரிடம் இருப்பவை மூன்று வாதங்கள். அவர்கள் தகுதியற்றவர்கள், காசு கொடுத்துப் பட்டம் வாங்கியவர்கள், பயிற்சி முடிந்ததும் நகரத்துக்கு ஓடிவிடுவார்கள். பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவனுக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

முதலில் தகுதி. 'நீட் தேற முடியாமல் ஓடியவர்கள்' என்கிறார். 2018 முதல் வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போவதற்கே நீட் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. படித்து வந்த பிறகு இன்னொரு தேர்வு உண்டு. 2002-ல் கொண்டுவரப்பட்ட விதிப்படி நடக்கும் அந்தத் தேர்வில் 300-க்கு 150 எடுத்தால்தான் இங்கே பதிவு செய்ய முடியும். பல முறை நூற்றுக்கு இருபது பேர் அளவில்தான் தேறுகிறார்கள். இந்தக் குறைந்த சதவீதத்தைத்தான் நண்பர் வெற்றிக்கொடி மாதிரி தூக்கிக் காட்டுகிறார். ஐயா, நாங்கள் கேட்பது தேறிய அந்த இருபது பேரை! புடைத்து வெளியே தள்ளிய பதரைக் காட்டி, முறத்தில் நின்ற நெல்லைப் பழிப்பது என்ன நியாயம்? உள்நாட்டுக் கல்லூரிகளில் படித்து முடிப்பவர்களுக்கும் நாடு தழுவிய ஒரே தேர்வு என்று 2019 சட்டம் சொன்னது. 'நெக்ஸ்ட்' என்ற அந்தத் தேர்வு சட்டப் புத்தகத்தோடு நிற்கிறது; ஆக, இப்படிப் புடைக்கப்படுவது வெளியே படித்தவர்கள் மட்டும்தான்.

அடுத்தது காசு. இங்கே நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.பி.பி.எஸ். ஆண்டுக் கட்டணமே இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. அந்த வாசலில் நின்று நண்பர் தகுதி பேசியதாகத் தெரியவில்லை. அதைக் கட்ட முடியாத குடும்பம் ரஷ்யாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் பிள்ளையை அனுப்பினால் மட்டும் அவருக்கு ஒழுக்கம் நினைவுக்கு வருகிறது. மலேசியாவில் பாடுபட்டவர்கள் அனுப்பிய பணத்தில் வீடு எழுப்பிய ஊர் எங்களுடையது. வெளியே போய்ச் சம்பாதித்து வந்தவனைத் தெருவில் நிற்க வைத்து 'நீ எங்கே இருந்து வந்தாய்?' என்று நாங்கள் கேட்பதில்லை.

இதே காசுப் பேச்சில், வரிப்பணம் வீணாகிறதாம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அரசுக் கல்லூரியில் ஒருவர் டாக்டராவதற்கான செலவில் பெரும்பங்கை அரசே சுமக்கிறது. அது சரியான செலவு; அதில் எனக்குக் குறையில்லை. வெளியே படித்தவரின் ஐந்தாறு ஆண்டுச் செலவை, நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ அவர் குடும்பமே கொடுத்துவிட்டது. மிச்சம் இருப்பது ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் கொஞ்சம் கூடுதல் பயிற்சியும்தான். உள்ளிருப்புப் பயிற்சிக்கான உதவித்தொகையில் அவர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கஜானாவுக்கு இதைவிட மலிவாக ஒரு டாக்டர் எங்கே கிடைப்பார்?

'ஓடிவிடுவார்கள்' என்பது மூன்றாவது வாதம். கட்டிப்போடத் தெரியாதவன்தான் மாடு ஓடும் என்று பயப்படுவான். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தால் மேற்படிப்பில் இடம் என்று அரசு மருத்துவர்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கிப் பழகிய மாநிலம் இது. அப்படி ஒதுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பயிற்சிக்குப் பதில் பணி என்பது நமக்குப் புதிதா? அமெரிக்காவைப் பாருங்கள். நம் ஊர்க் கல்லூரிகளில் படித்துப் போன டாக்டர்கள் அங்கே பெறும் ரெசிடென்சி பயிற்சிக்கு அந்நாட்டு அரசின் மெடிகேர் நிதியிலிருந்து பணம் போகிறது. பயிற்சி முடிந்து அங்கேயே தங்க விரும்பும் ஜே-1 விசாக்காரர், டாக்டர் இல்லாத பகுதியில் மூன்றாண்டு வேலை செய்ய ஒப்புக்கொண்டால், நாடு திரும்பும் நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. 1994 முதல் இந்த ஏற்பாடு நடக்கிறது. நாம் படிக்க வைத்தவரை வைத்து அவர்கள் தங்கள் கிராமத்துக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். நமக்கு மட்டும் கை நடுங்குகிறது.

'அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதே' என்று போகிற போக்கில் ஒரு வரி வேறு. 2022 ஜனவரியில் திறந்த கல்லூரி அது. நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் சேர்த்தால் முதல் அணி டாக்டர்கள் வெளியே வருவது 2027 வாக்கில்தான். பெரம்பலூர் மாவட்டத்துக்கோ இன்னும் அரசு மருத்துவக் கல்லூரியே கிடையாது.

நண்பர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வெளிநாட்டுக் கல்லூரிகள் சிலவற்றில் செய்முறைப் பயிற்சி குறைவு. அதனால்தானே பயிற்சி கேட்கிறோம்! அதைக் கொடுக்காமல் விட்டால், பயிற்சிக்குக் காத்திருக்கும் இடைவெளியில் எங்கோ ஒரு தனியார் மருத்துவமனையில், பதிவு எண் இல்லாமல், சொற்பச் சம்பளத்துக்கு 'டியூட்டி டாக்டர்' ஆகிவிடுகிறவர்களும் உண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பயிற்சியில் ஒரு பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில், முடிந்ததும் இரண்டாண்டு ஒப்பந்தப் பணி, மீறினால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இதனால் ஓர் இடமும் குறையப் போவதில்லை.

பச்சைமலை அடிவாரத்துச் சோளக் காட்டில் ராத்திரி ஒருவரைப் பாம்பு கடித்தால், அரும்பாவூர், கிருஷ்ணாபுரம், வேப்பந்தட்டை என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டிப் பெரம்பலூர் தலைமை மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கிறது. இதற்கு நண்பர் சொல்லும் மாற்று வழி என்ன என்று அவர் கட்டுரையை இரண்டு முறை படித்துத் தேடினேன். டாக்டர் என்ற சொல் பத்திக்குப் பத்தி வருகிறது. நோயாளி என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை.