கடவுச்சொல் போட்டதும் யார் யார் வருகிறார்கள்?

காலை நிகழ்ச்சி செய்பவர்களுக்கு 5.30 மணிக்கு மூளை பாதிதான் விழித்திருக்கும். எங்கள் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவுக்கென்று ஒரு லினக்ஸ் கணினி உண்டு. கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு தே தாரிக் எடுக்கப் போவேன். திரும்புவதற்குள் ஒலிப்பதிவு மென்பொருளும் விளம்பரப் பட்டியலும் தாமாகவே திறந்து காத்திருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் 'ஸ்டார்ட்டப் அப்ளிகேஷன்ஸ்' பட்டியலில் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறார்.

இந்த மாதிரிப் பட்டியல் உங்கள் கணினியிலும் இருக்கிறது. அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

என் சித்தி மகள் கிள்ளானில் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறாள். "அக்கா, மேக் ரொம்ப ஸ்லோவா இருக்கு. புதுசு வாங்கிறலாம்னு இருக்கேன்" என்றாள். காசை எடுப்பதற்கு முன் பட்டியலைப் பார்ப்போம் என்றேன். எப்போதோ தூக்கிப் போட்ட பிரிண்டரின் மென்பொருள் இன்னும் தினமும் எழுந்து வேலை தேடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தோம். அடுத்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பழைய அலுவலகத்துக்காக அவள் போட்ட தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருள் அது. வேலையை விட்டு எட்டு மாதமாகியும் ஒவ்வொரு நாளும் அவளோடு சேர்ந்து அதுவும் உள்ளே வந்துகொண்டிருந்தது. இப்போது அதே கணினியில்தான் மற்ற நிறுவனங்களின் சம்பளக் கணக்கு இருக்கிறது!

"அதை அன்னிக்கே மூடிட்டேனே அக்கா."

மூடியது ஜன்னலை மட்டும்தான். பட்டியலில் பெயர் இருக்கும்வரை அடுத்த முறை நுழையும்போது மறுபடியும் வரும்.

இந்தப் பழக்கம் யூனிக்ஸ் உலகிலும் பழையது. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே, பயனரின் கோப்புறையில் 'புள்ளி புரொஃபைல்' என்று ஒரு கோப்பு வைக்கலாம். அதில் எழுதிய கட்டளைகள் அவர் உள்ளே நுழைந்ததும் ஓடும். பெயரின் முன்னால் புள்ளி இருந்தால் கோப்பு சாதாரணப் பட்டியலில் தெரியாது. இதுவும் திட்டமிட்டுச் செய்ததில்லையாம். வேறு இரண்டு குறிகளை மறைக்க எழுதிய ஒரு குறுக்குவழி, புள்ளி வைத்த எல்லாவற்றையும் மறைத்துவிட்டது என்கிறார் பெல் லேப்ஸில் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக்.

மேக்கில் 2005 முதல் இந்த வேலையைப் பார்ப்பது 'லாஞ்ச்டி'. உங்கள் லைப்ரரி கோப்புறைக்குள் 'லாஞ்ச் ஏஜென்ட்ஸ்' என்று ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு சின்னக் கோப்பு கிடந்தால் போதும், நீங்கள் நுழைந்ததும் அது சொல்லும் நிரல் ஓடும். 2011 முதல் அந்த லைப்ரரியே கண்ணில் படாது. தீய நிரல் எழுதுபவர்களுக்கு இதைவிட வசதியான இடம் ஏது? 2012-இல் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மேக் கணினிகளைப் பிடித்த 'ஃபிளாஷ்பேக்' இந்த வழியையும் பயன்படுத்தியது. "மேக்குக்கு வைரஸ் வராது" என்று இன்னமும் சொல்பவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

2022-இல் வந்த வென்ச்சுரா பதிப்பிலிருந்து, புதிதாக ஏதாவது பின்னணியில் ஓடச் சேர்ந்தால் திரையின் ஓரத்தில் அறிவிப்பு வரும். நம்மில் பெரும்பாலோர் அதைக் கொசு விரட்டுவதுபோல் தள்ளிவிடுகிறோம்.

பார்க்க வேண்டிய இடம்: சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் ஜெனரல், அதில் லாகின் ஐட்டம்ஸ். மேலே இருப்பவை கண்ணுக்குத் தெரியத் திறப்பவை. கீழே இருப்பவை சத்தமில்லாமல் பின்னணியில் ஓடுபவை. கீழ்ப்பட்டியலைத்தான் நிதானமாகப் படியுங்கள். பெயர் புரியாவிட்டால் எந்த நிறுவனத்துடையது என்று தேடிப் பாருங்கள். சந்தேகமானதை அணைத்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், எதுவும் குறையாவிட்டால் மென்பொருளையே நீக்கிவிடலாம். தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு மட்டும் அந்த ஒரு வாரம்கூட வேண்டாம். தேவையில்லை என்றால் அன்றே நீக்குங்கள். சித்தி மகள் அப்படித்தான் செய்தாள், கையோடு கடவுச்சொற்களையும் மாற்றினாள்.

நிறுவனம் கொடுத்த மடிக்கணினி என்றால் நீங்களாகக் கை வைக்காதீர்கள், ஐடி பிரிவில் கேளுங்கள். ஆனால் வேலையை விடும் நாளில் கணினி உங்களுடையதாக இருந்தால், அலுவலக அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போதே இந்தப் பட்டியலையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.