ஐந்தொகையில் சேராத கணக்கு

செட்டிநாட்டாருக்குக் கணக்கு எழுதக் கற்றுக் கொடுக்கிறோம் என்று யாராவது புறப்பட்டால் காரைக்குடியே சிரிக்கும். ரங்கூனிலும் மலேயாவிலும் கடை நடத்தி, பேரேடு எழுதி, ஐந்தொகை கண்ட பரம்பரை அல்லவா! ஆயினும் மின்சாரக் கட்டணம் என்று வந்துவிட்டால், "இந்தத் தடவை அதிகம்" என்று பெருமூச்சு விட்டுப் பணத்தைக் கட்டுவதோடு நம்மில் பலர் நின்று விடுகிறோம்.

ஒரு வருஷத்தின் ஆறு கணக்குகளையும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். ரூபாயை விட யூனிட்டே முக்கியம். கட்டண விகிதம் மாறும்போது ரூபாய் நம்மை மயக்கும்; யூனிட் மயக்காது. சித்திரையை மார்கழியோடு ஒப்பிடுவது நியாயமன்று. சென்ற வருஷத்துச் சித்திரையோடு ஒப்பிட வேண்டும். மார்கழி, தை மாதங்களின் கணக்குக் குளிர்பெட்டி, மோட்டார், விளக்கு ஆகியவற்றின் நிரந்தரச் செலவைக் காட்டும். கோடையில் அதற்கு மேல் ஏறுவதில் பெரும்பங்கு வெக்கைக்கு நாம் செலுத்தும் கப்பம்.

கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே திறக்கும் வீடுகள் இங்கே பல. ஆளில்லாத மாதங்களிலும் யூனிட் ஏறியிருந்தால், எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து விட்டு மீட்டரைக் கவனிக்க வேண்டும். அப்போதும் அது ஓடினால் பழைய கம்பிகளில் கசிவு இருக்கக் கூடும். உடனே எலக்ட்ரீஷியனை அழையுங்கள். இது பண விஷயம் மட்டுமன்று, உயிர் விஷயம்.

சிறு மிச்சம் பெருந்தொகையாவதும் உண்டு. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்த விகிதப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கோ 2,030 ரூபாய். 500ஐத் தாண்டியதும் கீழ்ப்படிகளின் சலுகையும் குறைந்து விடுவதே காரணம். 75 வாட் மின்விசிறி தினம் 12 மணி நேரம் சுழன்றால் 60 நாளில் 54 யூனிட் ஆகும்; 30 வாட் விசிறிக்கு 22 யூனிட்டே போதும். ஒரே ஒரு விசிறியை மாற்றினால் 510 என்பது 478 ஆகும்; கட்டணம் 1,593 ரூபாயாக இறங்கும். விகிதங்கள் பின்னர் மாறினாலும் கணக்குப் பார்க்கும் முறை மாறாது.

இன்னொன்றும் உண்டு. தடித்த சுவரும், உயர்ந்த கூரையும், நேருக்கு நேர் திறக்கும் கதவுகளும், வானம் பார்த்த வளவும் நம் பாட்டனார்கள் வெயிலுக்குக் கண்ட மருந்து. சூடேறிய காற்று வளவின் வழியே மேலே போய்விடும். அந்த வளவைத் தகடு போட்டு மூடி, ஏ.சி. இயந்திரத்தைப் பொருத்துவோர், மூடுவதற்கு முந்திய கோடையின் யூனிட்டையும் பிந்திய கோடையின் யூனிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

சிக்கனம் என்றால் தனியே இருக்கும் அப்பத்தா விசிறியை நிறுத்திவிட்டு வேர்வையில் கிடப்பதன்று. கணக்குத் தெரியாத வீட்டில்தான் முதியோரின் சுகத்தில் கை வைக்கிறார்கள். கணக்குத் தெரிந்த வீட்டிலோ வீண் எங்கே என்பது புலப்படும். அப்பத்தாவின் விசிறி நிம்மதியாகச் சுழலும்.