காக்கைக்குச் சோறு, கிழவிக்கு?

தாயும் தந்தையும் தெய்வம் என்று பேசாத மேடை இந்நாட்டில் இல்லை. ஆனால் அத்தெய்வம் படுக்கையில் விழுந்து, மலசலத்துக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நாளில், அந்தக் கை யாருடைய கை? செத்தபின் திதி கொடுத்துக் காக்கைக்குச் சோறு வைக்கிற மகன், உயிரோடிருந்தபோது ஒருவேளைக் கஞ்சியைத் தன் கையால் ஊட்டியதுண்டா?

தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்றொரு வழக்கம் உண்டு. படுத்த முதியவர்க்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துச் சாகவிடுவார்களாம்! வழக்கம் என்று பெயரிட்டுவிட்டால் கொலை கொலையல்லாமல் போய்விடுமா? இதைத்தான் பிரியா கிருஷ்ணசுவாமி "பாரம்" என்ற படமாக எடுத்தார். இடுப்பெலும்பு முறிந்த ஒரு காவலாளியின் கதை அது. 2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமென்று தேசிய விருது பெற்று, 2020இல் திரைக்கு வந்தது.

இன்று போடிக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளின் சட்டைப் பைகளிலேயே காமிரா இருக்கிறது. முதுமையைப் பற்றிப் படமெடுக்கிறோம் என்று அவர்கள் புறப்பட்டால் மிகவும் சந்தோஷமே. ஆனால் சுருங்கிய முகத்தையும் கண்ணீரையும் காட்டி, சோக சங்கீதத்தோடு முடித்துவிட்டால் என்ன பிரயோஜனம்? பார்த்தவன் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவான்.

வேலையைக் காட்டுங்கள்! சிலமலைப் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியே ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுதுசாயத் திரும்புகிறார்கள். அதுவரை வீட்டுக் கிழவிக்குத் தண்ணீர் கொடுப்பது யார்? இரவு இரண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்கவைப்பது மருமகளா, மகனா? மருமகளே என்றால் அவளுக்குக் கூலி என்ன, ஓய்வு எப்போது? கடமை என்ற ஒரே சொல்லால் பெண்ணின் முதுகை ஒடித்துவிட்டு, ஆண்பிள்ளைக்குக் கொள்ளிவைக்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டது எந்த நியாயம்?

அயலாரைத் தேடவும் வேண்டாம். ஆனந்த் பட்வர்தன் தம் தாய் தந்தையர் முதுமையடைந்ததைத் தாமே படம் பிடித்து, 2023இல் உலகுக்குக் காட்டினார். நீங்களும் உங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். ஆனால் கிழவர் சம்மதமின்றி அவரது மானத்தைப் படம் பிடிக்காதீர்கள்.

பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2007ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. சட்டம் பணம் வாங்கித் தரும், படுக்கைப்புண்ணுக்கு மருந்திடுமா? 2021இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" வீட்டுக்கே வந்து வலிதணிப்புச் சிகிச்சை அளிப்பதற்கும் ஏற்பட்டது. அது உங்கள் தெருவுக்கு எத்தனை முறை வந்தது என்று காமிராவோடு போய்க் கேளுங்கள்!

வாலிபர்களே! படம் எடுத்து முடித்ததும் காமிராவைக் கீழே வையுங்கள். பாட்டியின் துணியை அன்றைக்கு நீங்களே துவையுங்கள். அதைச் செய்யாதவனுக்கு முதுமையைப் பற்றிப் படம் எடுக்க என்ன யோக்கியதை இருக்கிறது?