சுற்றுத் துணிக்கு ஜிப் வைத்தவர்

நைஜீரியப் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் துணிக்கு ஜிப் வைத்தவர் ஷாடே தாமஸ்-ஃபாம். நம் ஊர் ‘ரெடிமேட் சேலை’ மாதிரிதான். ஆனால் அவர் லாகோஸில் கடை போட்டு இதைச் செய்தது 1960களில்! லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் 2022-23இல் நடத்திய ‘ஆப்பிரிக்கா ஃபேஷன்’ கண்காட்சியில் அவருடைய உடைகளும் இருந்தன. 20க்கும் மேற்பட்ட நாடுகளின் டிசைனர்கள், அவரவர் பெயரோடு.

நைஜீரியாவுக்கும் நமக்கும் பழைய துணி உறவு உண்டு. மெட்ராஸிலிருந்து கப்பலில் போன கட்டம் போட்ட கைத்தறித் துணியை, நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் ‘இன்ஜிரி’ என்ற பெயரில் விசேஷங்களுக்குக் கட்டுகிறார்கள். வாங்கியபடியே கட்டுவதோடு நிற்பதில்லை. பெண்கள் உட்கார்ந்து, பிளேடால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவிவிடுவார்கள். பழைய கட்டம் போய், அவர்கள் நினைத்த டிசைன் துணியில் எழுந்து வரும். அதன்பிறகு அதற்குப் பெயரே வேறு: ‘பெலெட்டே பிட்டே’. எத்தனை பொறுமை வேண்டும்!

அருள்புரத்தில் கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என எல்லா வேலைக்கும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஏற்றுமதி ஆர்டர் என்றால், டிசைன் மட்டும் பெரும்பாலும் பையர் அனுப்புவது. லேபிளும்தான்.