பனிக் கண்டமும் நமது கண்ணும்

வீதியிலே கால் வைக்க இயலாத வைகாசிப் பிற்பகலில், சிவகாசியிலும் விருதுநகரிலும் சிறுவர்கள் வீட்டுக்குள் அமர்ந்து தென்துருவப் பனிவெளியைத் திரையில் கண்டு வியக்கிறார்கள். அயல்நாட்டார் எடுத்த டாக்குமெண்டரி படங்கள் இவை. பெங்குவின்களில் சக்கரவர்த்தி எனப் பெயர் பெற்ற இனத்தில், பேடு முட்டையிட்டுக் கடலுக்கு இரைதேடச் சென்றபின், ஆண்பறவை அம்முட்டையைத் தன் பாதங்களின்மேல் ஏந்தி, சுமார் 2 மாத காலம் ஆகாரமின்றி அடைகாக்கிறது. சூரியன் அரிதாகவே தலைகாட்டும் கடுங்குளிர்க் காலத்தில், பறவைகள் நெருங்கி நின்று, புறத்தே உள்ளவை அகத்தேயும் அகத்தே உள்ளவை புறத்தேயும் மாறி மாறி வந்து உயிர் தரிக்கின்றன. இதைக் கண்டு நெஞ்சுருகாதார் யார்?

இப்படங்களைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. 1910-ல் புறப்பட்ட ஸ்காட் கோஷ்டியோடு சென்ற ஹெர்பர்ட் பாண்டிங் எடுத்த காட்சிகள் 1924-ல் முழுநீளப் படமாக வெளிவந்தன. அன்று தொட்டு அந்நாட்டார் பட்ட பாடு போற்றத்தக்கதே. நமது கேள்வி வேறு. அப்பனிவெளியிலே பாரத தேசத்திற்கும் இருப்பிடம் உண்டு என்பதை நம் சிறுவர்களில் எத்தனை பேர் அறிவர்?

1981 டிசம்பரில் கோவாவிலிருந்து டாக்டர் காசிம் தலைமையில் கப்பலேறிய 21 பேர், 1982 ஜனவரி 9-ந் தேதி அண்டார்க்டிகாவில் இறங்கினர். 1983-ல் நம் தேசம் அக்கண்டத்தைப் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்து, ஆலோசனைச் சபையிலும் இடம் பெற்றது. முதலில் அமைத்த தக்ஷிண கங்கோத்ரி நிலையம் பனியில் புதையுண்டது. நம்மவர் மனந்தளரவில்லை, 1989-ல் மைத்ரியும், 2012-ல் பாரதியும் எழுந்தன. வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டில் 2008-ல் ஹிமாத்ரி தொடங்கப்பட்டது. நமது வரிப்பணத்தில் நமது விஞ்ஞானிகள் அங்கே நீண்ட இரவைக் கழிக்கிறார்கள். அவர்கள் கதையை நாம் அறியோம். அயலார் படமெடுத்த பறவையின் கதையை நன்கறிவோம்!

"வானம் பார்த்த பூமியாகிய நமது ஜில்லாவுக்கு ஐஸ் மலையைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் வினவக்கூடும். அக்கண்டத்தின் உட்பகுதியும் வறண்ட பாலையே. அங்கு விழும் பனியை நீராக்கி அளந்தால் ஆண்டுக்குச் சுமார் 2 அங்குலமே தேறும். வறட்சியின் கொடுமை நமக்குப் புதிதன்று. அங்குள்ள ஜீவன்கள் அதனோடு போராடும் விதத்தை நம்மினும் நன்கு உணரக்கூடியவர் யார்? மேலும், உலகின் நன்னீரில் பாதிக்கு மேல் அங்கேதான் உறைந்து கிடக்கிறது. உலகின் வெப்பம் மிகுந்து அதில் ஒரு சிறு பங்கு உருகினாலும், தூத்துக்குடியிலும் இராமநாதபுரத்திலும் கரையோரம் வாழும் ஏழை ஜனங்களின் குடிசை வாசலில் கடல் வந்து நிற்கும்.

"தொலைக்காட்சிப் படங்களுக்குத் தமிழ்க் குரல் சேர்க்கிறார்களே, போதாதா?" என்பது மற்றொரு வாதம். குரல் தமிழாயிருக்கலாம், பார்க்கும் கண் அயலாருடையதன்றோ? எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பவர் அவரே. தமிழில் சொல் இல்லை என்பாரும் உளர். பனி என்னும் ஒரு சொல்லிலிருந்தே பனிக்கட்டி, பனிப்பாறை, உறைபனி என எத்தனை சொற்கள் பிறந்துள்ளன! சொல் இல்லாமையன்று, முயற்சி இல்லாமையே நமது குறை.

முயற்சிக்கு உதாரணம் தேடி நாம் அயலூர் செல்ல வேண்டியதில்லை. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அந்நிய தீப்பெட்டியை வாங்கி விற்பதே போதுமென்று அவர்கள் இருந்திருந்தால், இந்த வறண்ட நிலத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் ஏது? படத்துறையிலும் வழிகாட்டி உண்டு. தேசம் தேசமாகச் சுற்றிக் காந்தியடிகளின் படச்சுருள்களைத் திரட்டி, 1940-ல் தமிழ் விளக்கத்தோடு டாக்குமெண்டரி படம் வெளியிட்டவர் ஏ. கே. செட்டியார் என்னும் தமிழரே.

ஆகவே நாம் கோருவது இது: துருவப் பயணக் கோஷ்டியோடு படப்பிடிப்பாளரையும் தாய்மொழிகளில் எழுதவல்லாரையும் மத்திய சர்க்கார் அனுப்ப வேண்டும். விளக்கவுரை மொழிபெயர்ப்பாக அன்றித் தமிழிலேயே பிறக்க வேண்டும். அப்படத்தைப் பள்ளிக்கூடந்தோறும் காட்ட ராஜ்ய சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். நமது ஜில்லாவின் வர்த்தகப் பெருமக்களும் பொருளுதவி புரியத் தயங்கலாகாது.

தமிழ்நாடு என்னும் பெயருக்காக 1956-ல் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாவிரதமிருந்து உயிர்நீத்தது இதே விருதுநகர் அறப்போரின் பயனாகத்தான். பெயர் 1969-ல் கிடைத்துவிட்டது. அப்பெயர் தாங்கிய நாட்டின் குழந்தை, உலகின் கடைக்கோடியைத் தன் தேசத்தார் கண்ணால் கண்டு, தன் தாய்மொழியில் கேட்டறியும் நாள் என்று வரும்? அந்நாளை விரைவில் கொணர்வது நமது கடமை.