கைநாட்டுக்கு முன்னே

புதிய மருந்தை நோயாளரிடம் சோதிக்கிறார்கள் என்றதும் நம்மவர் பலர் ‘சோதனை எலி’ என்று சொல்லிவிடுகின்றனர். புற்றுநோய் என்றால் கேட்கவே வேண்டாம். இச்சொல்லை நான் ஏற்கவில்லை. எலியிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை. மனிதரிடம் கேட்டாக வேண்டும். எந்தத் தமிழில் கேட்கிறார்கள் என்பதே என் கவலை.

ஆய்வே வேண்டாம் என்போர் திண்டுக்கல் மாவட்டத்தைப் பார்க்கட்டும். 2000ஆம் ஆண்டு தொடங்கி, அங்கே 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிய பேராய்வு நடைபெற்றது. முறை எளியது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பைவாயில் தடவினால், மாறுபட்ட இடம் வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்தறிந்தனர். சோதனைப் பிரிவில் 49,311 பெண்கள். அவர்களுள் 31,343 பேர் வந்து சோதித்துக்கொண்டனர். வழக்கமான மருத்துவ வசதியோடு ஒப்பீட்டுப் பிரிவில் இருந்தோர் 30,958 பேர். 2007இல் வெளியான முடிவின்படி, சோதனைப் பிரிவில் இந்நோயால் நேர்ந்த சாவு 35 விழுக்காடு குறைவு! நம் சிற்றூர்ப் பெண்கள் உலகுக்கு அளித்த சான்று இது. ஒப்பீட்டுப் பிரிவுப் பெண்களுக்கும் அச்சோதனையைச் செய்திருக்கலாகாதா என்ற கேள்வியும் எழுந்தது. அதை நான் எளிதில் தள்ளமாட்டேன்.

சேர விரும்பும் நோயாளர் முதலில் தம் மருத்துவரைக் கேட்கலாம். 2007இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் தேடிக் கொடுக்கட்டும். நோயின் வகை, நிலை, முன்பு பெற்ற சிகிச்சை ஆகியவை பொருந்தினால்தான் இடம் கிடைக்கும். மருந்தே தராமல் ஏமாற்றுவார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. புற்றுநோய் ஆய்வுகளில் பெரும்பாலும் புதிய மருந்தை நடப்புச் சிகிச்சையோடுதான் ஒப்பிடுகிறார்கள்.

2019ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. நோயாளருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் எனில் நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆய்வால் தீங்கு நேர்ந்தால் மருத்துவமும் இழப்பீடும் உண்டு.

ஆனால் படிவத்தில் ‘சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு’ என்று எழுதினால் எந்தத் தாய்க்கு விளங்கும்? ‘உங்களுக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல முடிவு செய்வோம், மருத்துவர் தம் விருப்பப்படி கொடுக்க மாட்டார்’ என்றால் விளங்கும். விளங்கியபின் அவர் மறுத்தாலும் சரியே. விளங்காமல் வைத்த கைநாட்டை நான் சம்மதம் என்று சொல்லமாட்டேன்.

ஆய்வுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழுவில் மருத்துவரல்லாத பொதுமனிதர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்பதும் விதி. அந்த நாற்காலியில் நம் பேராசிரியர் ஒருவர் ஏன் அமரக்கூடாது? நம் தமிழ்த்துறை மாணவர் பத்துப்பேர் சேர்ந்து மாதிரிப் படிவம் ஒன்றை நல்ல பேச்சுத் தமிழில் எழுதலாம். பிறகு படிக்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவர் தம் வாயால் திருப்பிச் சொல்லும்வரை திருத்தலாம். அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம், நான் தயார்.