முதலில் இடம், பிறகு காற்புள்ளி

மாணவர் கட்டுரையைத் திருத்தும்போது நம் ஆசிரியர்களின் சிவப்பு மை ஒற்றுப்பிழையைத் தேடிப் பிடிக்கிறது. சொல் இடம்மாறி நிற்பதைக் கண்டும் காணாமல் போய்விடுகிறது. ‘கிழிந்த மாணவனின் சட்டை’ என்றால் கிழிந்தது யார்? அடைமொழியை நகர்த்தி ‘மாணவனின் கிழிந்த சட்டை’ என்றாலே போதும். ‘நேற்று முதல்வர் திறந்துவைத்த நூலகத்துக்குப் போனோம்’ என்பது இன்னும் வில்லங்கமானது. நேற்று நடந்தது திறப்பா, இவர்கள் போனதா? ‘நேற்று’க்குப் பின் காற்புள்ளி வைத்தால், போனதுதான் நேற்று என்று ஓரளவு விளங்கும். ‘முதல்வர் திறந்துவைத்த நூலகத்துக்கு நேற்றுப் போனோம்’ என்று மாற்றினால் காற்புள்ளியே வேண்டாம். ஓலைச்சுவடிகளில் இன்றைய காற்புள்ளி, அரைப்புள்ளி கிடையாது. அச்சு உரைநடையில் அவற்றைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). அவை வாசிப்பவருக்கு வழிகாட்ட வந்தவை, குழம்பிய சொல்வரிசைக்கு முட்டுக்கொடுக்க அல்ல. ஆகவே, மதிப்பெண்ணைக் குறைப்பதற்கு முன், ‘இந்தச் சொல் எதைச் சேர்ந்தது?’ என்று மாணவரிடம் கேளுங்கள். பதில் தெரிந்த பிள்ளை வாக்கியத்தைத் தானே திருத்திக்கொள்ளும்.